தோணி, பார், நீரோட்டம்: மாலத்தீவுக் கடலில் ஏழு இரவுகள்

பிப்ரவரி 1, 2025, சனி. ஹுல்ஹுமாலே

கடலுக்கடியில் மூழ்கிப் பார்க்கும் டைவிங் பயணம், ஏழு இரவும் படகிலேயே. விமான நிலையப் படகுத்துறையிலிருந்து பத்து நிமிடத்தில் தாய்ப்படகு. பதினோரு அறைகள், இருபது பயணிகள், பன்னிரண்டு படகாட்கள். ஆனால் இந்த வாரம் முழுக்க உண்மையான வேலை நடக்கப்போவது பின்னால் கட்டியிருக்கும் இன்னொரு படகில். மாலத்தீவின் திவேஹி மொழியில் அதற்குப் பெயர் 'தோணி'. நம் தோணியேதான். காற்றடைக்கும் கம்ப்ரசர், மூச்சுக் காற்று டேங்குகள், நீருக்குள் அணியும் ரப்பர் உடைகள் எல்லாம் அதில். தாய்ப்படகில் சாப்பாடும் தூக்கமும் மட்டும். கம்ப்ரசர் இரைச்சலும் ரப்பர் வாடையும் தோணியோடு விலகி நிற்பதால் இரவில் நன்றாகத் தூங்க முடிகிறது. ஒரே படகில் எல்லாம் நடக்கும் நாடுகளில் இந்தச் சுகம் கிடையாது.

தோணியில் ஆளுக்கு ஓர் இடம், அதற்குக் கீழே ஒரு பெட்டி. டேங்கில் பிசிடியையும் (காற்றடைத்து மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் அங்கி) ரெகுலேட்டரையும் (டேங்கின் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி) இன்று ஒருமுறை பூட்டினால் வாரம் முழுக்க அதே இடம்தான். ஒவ்வொரு டைவ் முடிந்ததும் ரெகுலேட்டரின் முதல் நிலையை, அதாவது டேங்கோடு பூட்டும் பகுதியை மட்டும் கழற்றிவிட வேண்டும்; நீண்ட குழாயைக் கொண்டுவந்து டேங்கை இருந்த இடத்திலேயே நிரப்பிவிடுகிறார்கள். கழற்றியதும் தூசி மூடியை உலர்த்தி உடனே மாட்டிவிட வேண்டும். அதை மறந்தால் அடுத்த அலை அடிக்கும்போது உப்புநீர் முதல் நிலைக்குள் போய்விடும்.

சூட்கேஸ் கொண்டுவந்தவர்கள் திண்டாடினார்கள். கட்டிலுக்கு அடியில் மடித்து வைக்கக்கூடிய துணிப்பைதான் இதற்குச் சரி.

கட்டணத்தில் ஒரு சிக்கல். பலர் கையில் இருந்த பதிவுத்தாளில் சுற்றுலாப் பயணிகளுக்கான பசுமை வரி நாளுக்கு 6 டாலர் என்று இருந்தது. ஜனவரி 1 முதல் படகுகளுக்கு அது 12 டாலர். ஏழு இரவுக்கு 42க்குப் பதில் 84. சட்டம் மாறியது உண்மை. முன்கூட்டியே ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தால் முதல் மாலையே முகச்சுளிப்பு இல்லாமல் போயிருக்கும்.

இரவு உணவுக்கு முன் பாதுகாப்பு விளக்கம். உயிர்காப்பு அங்கி எங்கே, ஆக்சிஜன் பெட்டி எங்கே, கீழ்த்தள அறைகளுக்கு இரண்டாவது வழி எங்கே. அந்த இரண்டாவது வழியில் ஒருமுறை நடந்து ஏறிப் பார்த்துவிட வேண்டும். அறைக்குள் லித்தியம் பேட்டரி சார்ஜ் செய்யக் கூடாது; மேல்தளத்து மேசையில், ஆள் விழித்திருக்கும்போது மட்டும். 2019 செப்டம்பர் 2 அன்று கலிபோர்னியாவில் 'கன்செப்ஷன்' என்ற டைவிங் படகு இரவில் எரிந்து 34 பேர் இறந்தார்கள். இரவில் சுற்றிவந்து பார்க்கும் காவலுக்கு அங்கே ஆள் நிறுத்தப்படவில்லை. இங்கே இரவுக் காவல் யார் என்று ஒருவர் கேட்டார். படகின் தலைவர் ஆளைப் பெயர் சொல்லி அழைத்து எல்லோர் முன்னாலும் நிற்க வைத்தார். எந்தப் படகில் ஏறினாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட வேண்டும்.

பிப்ரவரி 2, ஞாயிறு. தெற்கு மாலே

காலை 5.45க்குக் கதவு தட்டல். ஒரு துண்டு ரொட்டி, வாழைப்பழம், தேநீர். முதல் டைவுக்கு முன் இவ்வளவு போதும். பெரிய காலையுணவு டைவ் முடித்து வந்த பிறகுதான்.

முதல் டைவ் சோதனை டைவ். மாலத்தீவில் இது சம்பிரதாயம் இல்லை, கட்டாயம். நீரோட்டம் இல்லாத உள்பகுதியில் இறங்கி, மாஸ்க்கில் நீர் புகவிட்டு வெளியேற்றிக் காட்ட வேண்டும். மூழ்குவதற்காக உடம்பில் கட்டும் ஈய எடையைச் சரிபார்க்க வேண்டும். இங்கே 12 லிட்டர் அலுமினிய டேங்க், காற்றழுத்தம் 200 பார் (இந்தப் 'பார்' அழுத்த அலகு). அதாவது 2400 லிட்டர் காற்று. அதன் எடையே ஏறக்குறைய மூன்று கிலோ. டைவ் முடிவில் அதில் இரண்டு கிலோவுக்கு மேல் போய்விட்டிருக்கும், டேங்க் மிதக்கப் பார்க்கும். ஆகவே ஈய எடையைத் தொடக்கத்தில் பார்ப்பது சரிவராது. கடைசியில், 50 பார் மிச்சமிருக்கும்போது, 5 மீட்டரில் பிசிடியைக் காலி செய்துவிட்டு அசையாமல் நிற்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். இருபது பேரில் ஆறு பேர் ஒரு கிலோ கூட்டினார்கள், நான்கு பேர் இரண்டு கிலோ குறைத்தார்கள்.

அடுத்து கந்தூமா திலா என்று பட்டியலில் இருந்தது. 'திலா' என்றால் நீருக்குள் மூழ்கிய குன்று. முத்துக்குளித்துறை மீனவர்கள் 'பார்' என்று சொல்வதைப் போல. தை அமாவாசை கழிந்து நான்கு நாள்தான் ஆகிறது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஓதத்தின் ஏற்ற இறக்கம் அதிகம். மாலத்தீவில் அது ஒரு மீட்டர் அளவுதான் என்றாலும், அவ்வளவு நீரும் பவளத்திட்டு வளையத்தின் சில குறுகிய வாய்கள் வழியாக உள்ளே போய் வரவேண்டும். அந்த வாயைத்தான் 'கந்து' என்கிறார்கள். அமாவாசைக் கந்துவில் நீர் ஆறு போல ஓடும்.

வழிகாட்டி மாஸ்க்கும் காலில் ஃபின் என்ற நீச்சல் துடுப்பும் மட்டும் அணிந்து குதித்து, தோணியின் கயிற்றைப் பிடித்தபடி நீரோட்டத்தைப் பார்த்தார். ஏறி வந்து கந்தூமா இன்று வேண்டாம் என்றார். முணுமுணுப்பு எழுந்தது. கடைசி டைவ் போன ஆண்டு என்று காலையில் சொன்னவர்களின் குரலே அதில் பெரிதாகக் கேட்டது. அவர் விவாதிக்கவில்லை, தோணியை மறைவான ஒரு திட்டுக்குத் திருப்பச் சொன்னார். சரியான முடிவு. மாதக்கணக்கில் நீரில் இறங்காத உடம்பை முதல் நாளே அந்த ஓட்டத்தில் தள்ளக் கூடாது.

மதியச் சாப்பாட்டில் கருதியா. சூரை மீன் துண்டுகளை உப்பு நீரில் வேகவைத்த தெளிந்த சாறு. சோற்றில் ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, பச்சை மிளகாயும் வெங்காயமும் கடித்துக்கொண்டு சாப்பிட வேண்டும். மூன்று மணி நேரம் உப்பு நீரில் ஊறிய உடம்புக்கு இதைவிடப் பொருத்தமான உணவு வேறில்லை. சைவம் சாப்பிடுகிறவர்கள் முதல் நாளே சமையல்காரரிடம் நேரில் பேசிவிடுவது நல்லது. காய்கறி என்று வரும் பண்டத்திலும் மாசி இருக்கலாம். நம் சமையலறை மாசிக்கருவாட்டின் ஊர் இதுதான். 'மஸ்' என்றால் இவர்கள் மொழியில் மீன்.

பிப்ரவரி 3, திங்கள். வாவு, ஃபொட்டேயோ

இப்போது வடகிழக்குப் பருவம், இவர்கள் பேச்சில் 'இருவை'. காற்றும் பெருநீரோட்டமும் கிழக்கிலிருந்து மேற்கே போகின்றன. அதனால் கிழக்கு ஓரத்துக் கந்துகளில் வெளிக்கடலின் தெளிந்த நீர் உள்ளே வருகிறது. சுறாக்கள் அந்த வாயின் விளிம்பில் எதிர்நீச்சலில் நிற்கும். உள்ளேயிருந்த நீர் மிதவை உயிரிகளைச் சுமந்துகொண்டு மேற்குப் பக்கம் வெளியேறும். மாண்டா திருக்கைகள் அங்கே வரும். முதலில் கிழக்கே வாவு, பிறகு மேற்கே ஆரி என்று இரண்டு பவளத்திட்டு வளையங்களைத் தொடும் எங்கள் வழி இந்தக் கணக்கில் போட்டது. மே முதல் நவம்பர் வரை வந்தால் எல்லாம் தலைகீழ்.

கந்துவில் நீர் உள்ளே வரும்போதுதான் இறங்குவார்கள். வழியில் பிடிமானம் தவறினாலும் உள்கடலில் கொண்டுபோய் விடும், தோணி எடுத்துக்கொள்ளும். வெளியே போகும் ஓட்டத்தில் தவறினால் நடுக்கடல்.

இறங்கும் முறை இதுதான். வெளிச்சுவருக்கு மேலே, ஓட்டம் வரும் பக்கமாகத் தோணி நிற்கும். பிசிடியில் சொட்டுக் காற்று இருக்கக் கூடாது. மணி அடித்ததும் எல்லோரும் ஐந்து நொடிக்குள் குதித்து, தலை கீழாகத் திரும்பி உடனே இறங்க வேண்டும். மேற்பரப்பில் நின்று மாஸ்க் சரிசெய்தால் வாயைத் தாண்டி அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே சரிபார்ப்பு அனைத்தும் தோணியிலேயே: அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே ரெகுலேட்டரில் நான்கு முறை ஆழமாக மூச்சிழுக்க வேண்டும். முள் அசையாமல் நின்றால் வால்வு முழுக்கத் திறந்திருக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் தாழ்ந்து எழுந்தால் வால்வு கால்வாசிதான் திறந்திருக்கிறது. மேலே அது மூச்சுக்குப் போதும். 20 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் மூன்று மடங்கு காற்று வேண்டும், அங்கே அடைக்கும்.

28 மீட்டரில் விளிம்பு. ரீஃப் ஹூக்கை இங்கேதான் மாட்டுவது. ஒன்றரை மீட்டர் கயிற்றின் ஒரு முனையில் மழுங்கிய கொக்கி, மறுமுனை பிசிடியின் முன்பக்க வளையத்தில். கொக்கியைச் செத்த பாறையில் மட்டும் மாட்ட வேண்டும். உயிருள்ள பவளத்தில் மாட்டினால் உடையும். உடைவது பவளம் மட்டுமில்லை, பிடியும்தான். மாட்டியபின் பிசிடியில் கொஞ்சம் காற்று விட்டால் காற்றாடி போல மேலே நிற்கலாம். கழற்றும்போது அந்தக் காற்றை முதலில் வெளியேற்ற வேண்டும். ஒருவர் இன்று அதை மறந்து கொக்கியை விடுவித்தார். ஆறு மீட்டர் மேலே போய்விட்டார். வழிகாட்டி ஃபின்னைப் பிடித்து நிறுத்தினார்.

சாம்பல் சுறாக்கள் பதினைந்துக்கு மேல். வாலை அசைக்காமலே நிற்பது போலத் தெரியும். அவற்றுக்குக் கீழே கழுகுத் திருக்கைகள் ஏழு, வரிசையாக. நாம் அசையாமல் இருந்தால் அவை நெருங்கி வருகின்றன. ஒருவர் கேமராவுடன் கொக்கியை விட்டு முன்னே நகர்ந்ததும் மொத்தக் கூட்டமும் பத்து மீட்டர் பின்வாங்கிவிட்டது. பிறகு வரவில்லை.

28 மீட்டரில் அழுத்தம் 3.8 பார். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவருக்கு இங்கே 76 லிட்டர். பன்னிரண்டு நிமிடம் தொங்கினால் 900 லிட்டர், அதாவது 75 பார் போய்விடும். அதனால் நேரம் முடிந்ததா என்று பார்ப்பதைவிட டேங்கில் 110 பாருக்கு இறங்கியதும் கொக்கியைக் கழற்றுவது என்ற விதிதான் வேலைக்காகும். பிறகு ஓட்டத்தோடு மிதந்து உள்ளே போய், 5 மீட்டரில் மூன்று நிமிட நிறுத்தம்.

இரவு அலிமதா. தீவுப் படகுத்துறை விளக்குக்கு அருகே பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழம். செவிலிச் சுறாக்கள் எத்தனை என்று எண்ண முடியவில்லை. ஆளை உரசிக்கொண்டே போகின்றன. பல ஆண்டுகள் உணவு போட்டுப் பழக்கியதால் வந்த கூட்டம். கையை மார்போடு கட்டிக்கொண்டு மணலில் இருக்க வேண்டும். தொங்கும் விரலைத் தீனி என்று நினைக்கும். பார்க்கப் பெரிய காட்சிதான். ஆனாலும் காலையில் விளிம்பில், யாரும் அழைக்காமல் நின்ற அந்தப் பதினைந்தும்தான் இரவிலும் நினைவில் நின்றன.

பிப்ரவரி 4, செவ்வாய். மியாரு கந்து, பிறகு கடல் கடப்பு

'மியாரு' என்றால் சுறா. காலை டைவில் பெயர் பொய்க்கவில்லை.

அதற்கு முன் நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜன் கூட்டிய காற்று பற்றி. டேங்கில் சாதாரணக் காற்றில் 21 விழுக்காடு ஆக்சிஜன். 32 விழுக்காட்டுக் கலவையில் நைட்ரஜன் குறைவு, அதனால் ஆழத்தில் உடம்பில் ஏறும் நைட்ரஜனும் குறைவு. 30 மீட்டரில் காற்றோடு ஏறக்குறைய 20 நிமிடம் இருக்கலாம் என்றால் இதில் 30 நிமிடம். நாளுக்கு மூன்று டைவ் என்று ஆறு நாள் போகும் பயணத்தில் இதன் பயன் பெரிது. ஆனால் ஒவ்வொரு டேங்கையும் சுவாசிப்பவரே அளக்க வேண்டும். ஆக்சிஜன் அளவியைக் காற்றில் 20.9க்குச் சரிசெய்து, வால்வை மெல்லத் திறந்து, எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து, ஏட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

இன்று காலை மூன்று டேங்குகள் 28 காட்டின. சவ்வு வழியாக நைட்ரஜனைப் பிரிக்கும் கருவி சூடாகும் முன்பே நிரப்பத் தொடங்கியிருக்கிறார்கள். 28 ஆபத்தான வாயு இல்லை. ஆனால் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர் 32 என்று நம்பிக்கொண்டிருந்தால், உடம்பில் ஏறும் நைட்ரஜனைக் குறைத்துக் கணக்கிடும். எதிர்ப்பக்கமும் உண்டு: 36 இருந்தால் 29 மீட்டரிலேயே ஆக்சிஜன் அழுத்தம் பாதுகாப்பு எல்லையான 1.4 பாரைத் தொட்டுவிடும். மாலத்தீவில் பொழுதுபோக்கு டைவின் சட்ட எல்லை 30 மீட்டர். 32 விழுக்காட்டில் அங்கே 1.28 பார்தான் வரும். இரண்டும் பொருந்திப் போகின்றன. மூன்று பேரும் கம்ப்யூட்டரில் 28 என்று மாற்றிவிட்டு இறங்கினார்கள். ஏட்டில் முந்தைய வரியைப் பார்த்து '32' என்று எழுதிப் போகும் பழக்கம் படகுகளில் உண்டு. அந்தப் பழக்கம் இருந்திருந்தால் இதைக் கண்டுபிடித்திருக்க வழியே இல்லை.

மதியம் வாவுவிலிருந்து தெற்கு ஆரிக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல். காற்று பின்பக்கத்திலிருந்து, படகு சுழன்று உருளுகிறது. வாந்தி மாத்திரையை உருளத் தொடங்கியபின் விழுங்கினால் வெளியேதான் வரும். ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். தூக்கம் வரவழைக்கும் மாத்திரையை டைவுக்கு முன் போடக் கூடாது. இன்று கடப்புக்குப் பிறகு டைவ் இல்லை என்பதால் பரவாயில்லை. படகின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. அங்கே பாய் விரித்துப் படுத்தவர்கள் தப்பித்தார்கள். முன்பக்கச் சொகுசு அறைக்குக் கூடுதல் பணம் கொடுத்தவர்கள் தப்பவில்லை.

மாலையில் ஹெதிகா. தேநீரோடு தரும் பலகாரங்கள்: சூரை, தேங்காய், மிளகாய் வைத்துப் பொரித்த உருண்டைகள், மீன் கேக் போன்ற குளி போஆகிபா. காரம் நன்றாகவே இருந்தது.

பிப்ரவரி 5, புதன். தெற்கு ஆரி, மாமிகிலி

திமிங்கலச் சுறா தேடும் நாள். 1995 முதல் மாலத்தீவில் அதற்குச் சட்டப் பாதுகாப்பு; 2009இல் இந்த வெளிக்கரை முழுவதும் பாதுகாக்கப்பட்ட பகுதியானது. இங்கே ஆண்டு முழுக்க வரும் சுறாக்களில் பெரும்பாலானவை வளர்ந்து முடியாத ஆண்கள். நான்கு முதல் எட்டு மீட்டர்.

தேடல் என்பது தோணியின் கூரையில் நாலு பேர் நின்று, கரையோர வெளிர்நீலத்தில் நகரும் கருநிழலைப் பார்ப்பது. இரண்டு மணி நேரம் ஒன்றுமில்லை. 9.20க்குக் கூரையிலிருந்த படகுப் பையன் சத்தமில்லாமல் கையை நீட்டினான். கூவினால் பக்கத்துப் படகுகளும் திரும்பும் என்பது அவனுக்குத் தெரியும்.

டேங்க் இல்லை, மாஸ்க்கும் ஃபின்னும் மட்டும். உடலிலிருந்து மூன்று மீட்டர், வாலிலிருந்து நான்கு மீட்டர் விலகியிருக்க வேண்டும். ஃபிளாஷ் கூடாது. தலைக்கு முன்னால் குறுக்கே நீந்தக் கூடாது. பாதையை மறித்தால் ஆழத்துக்குப் போய்விடும், அன்றைக்கு மற்ற எல்லோருக்கும் அது முடிந்தது. பக்கவாட்டில், மார்புத் துடுப்புக்கு நேராக நீந்தினால் அது நம்மைப் பொருட்படுத்துவதில்லை. வேகமாகக் காலடித்து நுரை கிளப்பியவர்கள் இரண்டு நிமிடத்தில் ஓய்ந்தார்கள். நீளமாக, மெதுவாக ஃபின் அடித்தவர்கள் பதினொரு நிமிடம் கூடவே போனார்கள். செவுளுக்குப் பின்னால் உள்ள புள்ளிகளின் அமைப்பு ஒவ்வொன்றுக்கும் தனி. இடப்பக்கப் படம் ஒன்று எடுத்தால் ஆய்வாளர்களுக்கு எந்தச் சுறா என்று அடையாளம் காண உதவும்.

அரை மணியில் ஏழு படகுகள் சேர்ந்துவிட்டன. நாற்பது பேர் நீரில் இருந்தார்கள். சட்டம் தாளில் நன்றாகவே இருக்கிறது. கடலில் அதைக் காப்பது ஒவ்வொரு வழிகாட்டியின் மனது. எங்கள் வழிகாட்டி மணி அடித்து எங்கள் எல்லோரையும் மேலே அழைத்துவிட்டார். இம்முறை யாரும் முணுமுணுக்கவில்லை.

மதிய டைவில் ஓட்டமே இல்லை. அட்டமியை ஒட்டிய நாள், ஓதம் தணிந்துவிட்டது. குளம் போன்ற நீர். எல்லோரும் தளர்ந்து பேசிக்கொண்டே உடை மாட்டினார்கள். அந்தப் பேச்சுக்கு நடுவே, வாரம் முழுக்க மறக்காத நான்கு மூச்சுச் சோதனையை ஒருவர் விட்டுவிட்டார். 18 மீட்டரில் ரெகுலேட்டர் இறுகியது. துணைவரின் ஆக்டோபஸை (உதிரி மூச்சு வாய்) வாங்கிக்கொண்டார், துணைவர் கையை நீட்டி வால்வைத் திறந்தார், முடிந்தது. உதவ வந்த ஆள் திறந்திருந்த வால்வை மூடிவிட்டு, பழைய பழக்கப்படி கால் சுற்றுத் திருப்பியிருக்கிறார். முழுக்கத் திறந்துவிட்டு அப்படியே விட வேண்டும்; கால் சுற்றுப் பின்னால் திருப்பும் பழைய முறை இந்த ஒரு காரணத்துக்காகவே ஒழிய வேண்டும்.

ஃபொட்டேயோவில் ஆறு போல ஓடிய நீரில் எவரும் எதையும் மறக்கவில்லை. பயம் அங்கே எல்லோரையும் விழிப்பாக வைத்திருந்தது. ஐந்தாம் நாள், குளம் போன்ற நீர், பன்னிரண்டு டைவ் களைப்பு. தவறு இங்கேதான் வந்தது.

பிப்ரவரி 6, வியாழன். ரங்காலி மதிவரு, இரவு மாயா திலா

'மதி' என்றால் திருக்கை. மேற்கு விளிம்பின் இந்தப் பாறைகள் மாண்டாக்களின் குளியலறை. சிறு தூய்மை மீன்கள் பாறையில் குடியிருக்கின்றன. மாண்டா வந்து மேலே வேகம் குறைத்து நிற்க, அவை தோலிலும் செவுளிலும் உள்ள ஒட்டுண்ணிகளைத் தின்னும். அந்தப் பாறைக்கு மேல் யாரும் நிற்கக் கூடாது. ஓரத்தில், தாழ்வாக, செத்த பாறையை ஒரு விரலால் பிடித்தபடி காத்திருக்க வேண்டும். முதல் 25 நிமிடம் கலங்கிய பச்சை நீர் மட்டும். பிறகு ஒன்று, மூன்று, ஐந்து. மூன்றரை மீட்டர் அகலம் இருக்கும் ஒன்று தலைக்கு மேலே வந்தபோது மூச்சை மெல்லமாக விட வேண்டியிருந்தது. குமிழ்கள் வயிற்றில் பட்டால் சிலது விலகிப் போகும். மூச்சை அடக்கக் கூடாது, எந்தக் காரணத்துக்காகவும்.

காது வலி இன்று நால்வருக்கு. வெளிக்காதுக் குழாய் ஓயாமல் ஈரமாக இருந்தால் தோல் ஊறிக் கிருமி சேரும். காது மடலை இழுத்தால் வலிக்கும், அதுதான் அடையாளம். வெள்ளை வினிகரும் ஐசோபுரோப்பில் ஆல்கஹாலும் சமபங்கு கலந்து, ஒவ்வொரு டைவுக்கும் பின் நன்னீரில் கழுவிய காதில் சில சொட்டு விட்டிருந்தால் வந்திருக்காது. வலி வந்தபின் அது எரியத்தான் செய்யும். செவிப்பறையில் காயம் இருந்தால் விடவே கூடாது. நால்வரில் இருவர் பயணத்தை இதோடு நிறுத்திக்கொண்டார்கள். வலியோடு அழுத்தம் சமன்செய்ய முயல்வதைவிட மேல்தளத்தில் புத்தகம் படிப்பது மேல் என்று அவர்களே சொன்னார்கள்.

ஒரு கேமராவும் போயிற்று. கடலில் இல்லை, நன்னீர்த் தொட்டியில். ஐந்து கேமராக்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு வைத்ததில் ஒன்றின் பொத்தான் அழுந்தியபடி இருந்து நீர் கசிந்தது. ஆழத்தில் அழுத்தமே ஓ-ரிங்கை, அதாவது நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தை இறுக்கிப் பிடிக்கிறது. தொட்டியில் அந்தப் பிடி இல்லை. முக்கி, பொத்தான்களை ஆட்டி, உடனே எடுத்துவிட வேண்டும். கேமராவின் நீர்ப்புகாப் பெட்டியைக் குளிர்ந்த உலர்ந்த அறைக்குள் வைத்து மூடினால் உள்ளே பனி படியாது.

நான்கு மணி நேரம் வடக்கே ஓடி, மாலை 6.30க்கு மாயா திலா. உச்சி சுமார் 6 மீட்டர் ஆழத்தில், சுற்றி வர எண்பது மீட்டர் அகலம்கூட இல்லாத சிறிய பார். இரவில் வெள்ளைமுனைச் சுறாக்கள் இங்கே வேட்டையாடுகின்றன. டார்ச் ஒளியை ஒரு மீன் மேல் நிறுத்தினால் சுறாவும் பெரிய பாரை மீன்களும் அந்த ஒளியிலேயே அதைப் பிடித்துவிடும். ஒருவர் விளக்கில் ஒரு சிறுமீன் அப்படித்தான் போனது. ஒளியைப் பாறையில் ஓடவிட்டு, மீன் கண்டதும் விலக்குவது முறை. ஆளுக்கு இரண்டு டார்ச் கட்டாயம். ஒன்று 20 நிமிடத்தில் அணைந்தது. நேற்றிரவு சார்ஜ் போட மறந்திருக்கிறார்கள். களைப்பு இன்னொரு முறை.

பிப்ரவரி 7, வெள்ளி. ஃபிஷ் ஹெட்

கடைசி டைவ். நாளை நண்பகல் விமானங்கள் என்பதால் காலை 9 மணிக்குள் எல்லோரும் மேலே வந்துவிட வேண்டும். பல நாள், பல டைவுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் பறக்கக் கூடாது. இந்தப் படகில் 24. இரவில் மூட்டு வலியோ மரத்துப்போவதோ வந்தால் அதைக் களைப்பு என்று ஒதுக்காமல் உடனே சொல்லிவிட வேண்டும். உடம்பில் ஏறிய நைட்ரஜனால் வரும் அந்த நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை உள்ள பண்டோஸ் தீவு மாலேக்கு அருகேதான். டைவிங் காப்பீடு இல்லாமல் அந்தக் கதவைத் தட்டுவது பெருஞ்செலவு.

முஷிமஸ்மிங்கிலி திலா என்பது இதன் உள்ளூர்ப் பெயர். 1990களின் தொடக்கத்தில் இங்கே போட்ட ஒரு கணக்கு மாலத்தீவு முழுக்கப் பேசப்பட்டது: ஒரு சாம்பல் சுறாவைப் பிடித்து விற்றால் மீனவருக்கு 32 டாலர்; அதே சுறா இந்தப் பாரில் உயிரோடு நின்றால் டைவிங் வழியாக ஆண்டுக்கு 33,500 டாலர். 1995இல் இந்த இடம் பாதுகாக்கப்பட்டது. 2010இல் நாடு முழுவதும் சுறாப்பிடி தடைசெய்யப்பட்டது. இன்று ஆறு சுறா பார்த்தோம். பவளம் 1998, 2016 ஆண்டுகளின் வெப்பத்தில் வெளுத்து அடிபட்டது. பாரின் மேல்பகுதியில் பழைய எலும்புக்கூட்டின்மேல் கைப்பிடி அளவில் புதியது முளைத்திருக்கிறது. அதன்மேல் ஃபின் படாமல் மிதக்கும் பழக்கம் ஆறு நாளில் எல்லோருக்கும் வந்திருந்தது. ஞாயிறன்று எடையைச் சரிசெய்ததன் பலன் இங்கே தெரிந்தது.

மாலேக்குத் திரும்பும் ஐந்து மணி நேரத்தில் கழுவும் வேலை. பிசிடிக்குள் வாய்க்குழாய் வழியாக இரண்டு லிட்டர் நன்னீர் ஊற்றி, காற்றடைத்து, குலுக்கி, மூலைத் துளையைக் கீழே வைத்து வடிக்க வேண்டும். இருமுறை செய்தபின் வந்த நீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் மூன்றாம் முறை. உள்ளே உப்பு படிந்தால் காற்று விடும் இன்ஃப்ளேட்டர் பொத்தான் அடுத்த பயணத்தில் அழுந்தியபடியே நின்றுவிடும். ரெகுலேட்டரை ஊறவைக்கும்போது தூசி மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், வாயில் வைக்கும் இரண்டாம் நிலையின் பொத்தானை அழுத்தவே கூடாது.

பிப்ரவரி 8, சனி. ஹுல்ஹுமாலே

காலை 7 மணிக்கு இறக்கிவிட்டார்கள். படகாட்களுக்கான அன்பளிப்பை உறையில் போட்டுத் தலைவரிடம் கொடுத்தோம். பன்னிரண்டு பேருக்கும் சமமாகப் பிரிப்பார்கள். என்ஜின் அறையில் இருக்கும் ஆளை யாரும் ஏழு நாளும் பார்ப்பதில்லை என்பதால் இந்த முறை நல்லது.

கடற்கரையோரத் தேநீர்க் கடையில் மஸ் ஹுனி: உதிர்த்த சூரை, துருவிய தேங்காய், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை, கையால் பிசைந்தது. சப்பாத்தி போன்ற ரோஷி இரண்டு, கட்டன் தேநீர். 45 ருஃபியா, ஒரு டாலருக்கு 15.42. படகில் ஏழு நாளும் கிடைத்ததைவிட இங்கே மிளகாய் அதிகம், தேங்காய் அன்று காலை துருவியது. கடைக்காரர் ரோஷி போதுமா என்று கேட்டு, சொல்லும் முன்பே மூன்றாவதைப் போட்டார். அதற்குக் காசு வாங்கவில்லை.

மேசையில் நாலு கைகள். மூன்று கம்ப்யூட்டர்களில், இன்னும் பறக்கக் கூடாது என்று காட்டும் விமானக் குறி அணைந்துவிட்டது. கடைசி டைவில் அதிக நேரம் ஆழத்தில் இருந்தவருடையதில் மட்டும் இன்னும் இரண்டு மணி நேரம் மிச்சம். அவர் விமானம் 11.40க்கு. இன்னொரு தேநீர் சொன்னார்.